தூக்க மாத்திரைக்கும் ஒரு முடிவுநாள் வேண்டும்

வெளிநோயாளர் பிரிவுக்கு வருவோர் கொண்டுவரும் மருந்துப் பையை மேசைமீது கொட்டி, ஒவ்வோர் அட்டையாக எடுத்துப் பார்ப்பது எங்கள் வழக்கம். இரத்த அழுத்தத்திற்கு ஒன்று, சர்க்கரைக்கு இரண்டு, கொழுப்பிற்கு ஒன்று என அவை வெளிவரும். சிலருடைய பையில் இவற்றோடு ஒரு சிறிய அட்டையும் இருக்கும். எதற்கு என்று கேட்டால், "அது ராத்திரி மாத்திரை" என்பார்கள். எவ்வளவு காலமாக என்று கேட்டால், நாள் கணக்கில் விடை வராது. "வீட்டுக்காரர் இறந்தபோது கொடுத்தது", "பெண்ணுக்குக் கல்யாணம் ஆன வருஷம் ஆரம்பித்தது" என்று குடும்ப நிகழ்வைக் கொண்டே காலத்தைச் சொல்வார்கள். எழுதிக் கொடுத்த மருத்துவர் யார் என்பது பலருக்கு நினைவில் இராது. சீட்டு பழசாகிக் கிழிந்துவிட்டது. மாத்திரை மட்டும் தொடர்கிறது.

இது குறித்து நாங்கள் முன்வைக்க விரும்பும் கருத்து எளியது. மருத்துவர் எழுதித் தந்த தூக்க மாத்திரைக்கு ஒருவர் அடிமையாவது ஒழுக்கக் குறைவு அன்று. முடிவுநாள் குறிக்கப்படாத சீட்டின் விளைவு அது. ஆகவே அதை வெட்கத்தால் மறைக்கவும் வேண்டாம். அச்சத்தால் ஒரே இரவில் நிறுத்தவும் வேண்டாம். மருத்துவரின் துணையோடு படிப்படியாகக் குறைத்துப் பலரும் அதிலிருந்து வெளியேறியிருக்கிறார்கள்.

யாருக்கு, எதனால்?

ஆரணி உறக்கத்தைத் தள்ளிப்போட்டுப் பழகிய ஊர். முகூர்த்த மாதங்களும் தீபாவளியும் நெருங்கும்போது, குறித்த நாளில் சேலையைக் கொடுத்தாக வேண்டும் என்பதற்காக நள்ளிரவு வரை தறியில் அமர்வோர் உண்டு. குழித்தறியில் பல மணிநேரம் குனிந்திருந்த முதுகும் கழுத்தும் படுத்த பின்னரே வலியைக் காட்டுகின்றன. விழித்திருப்பதற்காகக் குடித்த தேநீர், உறங்க விரும்பும் நேரத்தில் உறங்க விடுவதில்லை. வாங்கிய முன்பணமும் வட்டியும் மனத்தைப் பிடித்துக்கொள்கின்றன. நெசவாளர் வீட்டில் மட்டும் இந்நிலை இல்லை. அரிசி ஆலையில் இரவுப் பணி முடித்துப் பகலில் படுப்பவர், படுக்கையிலுள்ள மாமியாரை இரவில் மூன்று முறை எழுந்து பார்க்கும் மருமகள், பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போனபின் தனித்திருக்கும் முதியவர் ஆகியோருக்கும் உறக்கம் அரிதாகிறது.

இவர்களில் ஒருவர் மருத்துவரிடம் வந்து, "பத்து நாளாகக் கண் மூடவில்லை" என்கிறார். சில நாள்களுக்கு ஒரு மாத்திரை எழுதப்படுகிறது. அன்றிரவே உறக்கம் வருகிறது. இதுவரை தவறு எதுவும் இல்லை. தாங்க இயலாத துயரிலும் கடும் பதற்றத்திலும் இம்மருந்துகளுக்கு முறையான இடம் உண்டு. சிக்கல், அந்தச் சில நாள்கள் எப்போது முடிகின்றன என்று யாரும் சொல்லாமல் விடுவதில் தொடங்குகிறது.

இங்கே இன்னொரு காரணத்தையும் நாங்கள் காண்கிறோம். "பிரஷர் மாத்திரையை நிறுத்தாதீர்கள், சர்க்கரை மாத்திரையை ஒரு நாளும் விடாதீர்கள்" என்று மருத்துவத் துறையினராகிய நாங்கள் பல்லாண்டுகளாக மக்களிடம் வலியுறுத்தி வருகிறோம். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் வழியே அம்மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. நிறுத்தக் கூடாத மருந்து என்ற கருத்து நன்றாக வேரூன்றிவிட்டது, அது நன்மையே. ஆனால் அதே டப்பாவில், அதே பணிவோடு, தூக்க மாத்திரையும் குடிபுகுந்துவிட்டது. நோயாளி மருத்துவரின் சொல்லை மீறியதால் இதற்கு அடிமையாகவில்லை. பெரும்பாலும் அச்சொல்லைக் கடைப்பிடித்ததாலேயே அடிமையாகிறார். இதை உணராமல் அவரைக் கடிந்துகொள்வது நியாயமாகாது.

மாத்திரை உள்ளே செய்வது என்ன?

தூக்க மாத்திரை என்று நம் ஊரில் சொல்லப்படுவனவற்றுள் பல, பென்சோடயசெபைன் என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், லோரசெபாம், குளோனசெபாம் ஆகியவை இக்குடும்பத்தின் உறுப்பினர்கள். சோல்பிடெம் வேறு குடும்பமாயினும், மூளையில் ஏறக்குறைய அதே இடத்தில்தான் வேலை செய்கிறது.

இவற்றில் முதலாவதான குளோர்டயசெபாக்சைடை லியோ ஸ்டெர்ன்பாக் என்ற வேதியியலாளர் ஹாஃப்மன் லா ரோஷ் நிறுவனத்தில் கண்டறிந்தார். 1960இல் அது விற்பனைக்கு வந்தது. டயசெபாம் 1963இல் வந்தது. அதற்கு முன்பு பயன்பட்ட பார்பிச்சுரேட் மருந்துகளைவிட இவை ஆபத்துக் குறைந்தவை என்பதால் உலகெங்கும் தாராளமாக எழுதப்பட்டன. நீண்டகாலப் பயன்பாட்டின் தீங்கு மெல்ல மெல்லத்தான் தெரியவந்தது. இம்மருந்துகளை 2 முதல் 4 வாரங்களுக்குமேல் தரலாகாது என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு 1988இல் அறிவுறுத்தியது.

நம் மூளையில் காபா என்றொரு பொருள் இயல்பாகவே சுரக்கிறது. நரம்புகளின் பரபரப்பை அடக்குவது அதன் பணி. தூக்க மாத்திரை காபாவின் வேலையைப் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் மனம் அமைதியடைந்து உறக்கம் வருகிறது. ஆனால் மாத்திரை நாள்தோறும் வருமானால், மூளை அதற்கேற்பத் தன்னை மாற்றிக்கொள்கிறது. காபாவுக்குச் செவிசாய்ப்பதைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது அரை மாத்திரை போதாமல் ஒன்றாகிறது. ஒன்று சிலருக்கு இரண்டாகிறது. இதைத் தாங்குதிறன் என்கிறோம்.

ஒரு நாள் மாத்திரை இல்லாமற்போனால், அடக்குவார் இன்றி நரம்புகள் கிளர்ந்தெழுகின்றன. உறக்கம் முற்றிலும் போகிறது. நெஞ்சு படபடக்கிறது, கை நடுங்குகிறது, வியர்க்கிறது, சிறு ஓசைக்கும் திடுக்கிடுகிறது. "பார்த்தீர்களா, மாத்திரை இல்லாவிட்டால் என்னால் முடியாது" என்று நோயாளி முடிவு செய்கிறார். அவர் அனுபவிப்பது பெரும்பாலும் பழைய நோயன்று. மாத்திரை விலகியதன் எதிரொலி. இந்த ஒரு மயக்கமே பலரை ஆண்டுக்கணக்கில் கட்டிவைக்கிறது.

உடல் பழகிப்போவதும் போதைக்கு அடிமையாவதும் முற்றிலும் ஒன்றல்ல. சீட்டில் எழுதிய அளவை மீறாத ஒரு மூதாட்டியின் உடலும் மாத்திரையைச் சார்ந்துவிடும். வீட்டாருக்குத் தெரியாமல் வாங்குவது, கடைக்குக் கடை மாறுவது, அளவைத் தாமே கூட்டுவது, தீங்கு தெரிந்தும் விட முடியாமல் தவிப்பது ஆகியவை சேரும்போதே அது அடிமைநிலை என்று கொள்ளப்படுகிறது. முதல் நிலையில் கேட்கப்படும் உதவி எளிதாகப் பலனளிக்கும். இரண்டாம் நிலையிலும் உதவி உண்டு. கண்டனம் அங்கும் மருந்தாகாது.

திடீரென நிறுத்துவதன் ஆபத்து

"இன்றுமுதல் ஒன்றும் கிடையாது" என்று மகன் அட்டையைப் பிடுங்கிக் குப்பையில் எறிவது அன்பினால்தான். ஆயினும் அது ஆபத்தான அன்பு. நீண்டகாலம் உட்கொண்டவர் திடீரென நிறுத்தினால், வலிப்பு வரலாம். இடமும் காலமும் அறியாத குழப்பநிலை ஏற்படலாம். இல்லாத உருவங்கள் தெரியலாம். சிலவேளை உயிருக்கே ஆபத்தாகும்.

இதற்குப் பெரிய அளவிலான சான்று நம் நாட்டிலேயே உண்டு. தெலங்கானாவில் கள்ளின் பெயரால் விற்கப்பட்ட பானத்தில் அல்பிரசோலமும் டயசெபாமும் கலக்கப்பட்டு வந்தன. 2015இல் அரசு இக்கலப்படத்தின்மீது கடும் நடவடிக்கை எடுத்தபோது, அப்பானம் திடீரெனக் கிடைக்காமற்போனது. மகபூப்நகர், நிஜாமாபாத் முதலிய மாவட்டங்களில் நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஆகியவற்றோடு மக்கள் மருத்துவமனைகளுக்குக் கொண்டுவரப்பட்டனர். தாங்கள் குடித்தது கள் என்றே அவர்கள் எண்ணியிருந்தார்கள். மாத்திரைக்கு அடிமையாக வேண்டும் என்று எவரும் விரும்பியதில்லை. விருப்பம் இல்லாமலேயே உடல் பழகும் என்பதற்கும், பழகிய உடலிலிருந்து மருந்தை ஒரே நாளில் பறிக்கக் கூடாது என்பதற்கும் இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை.

இதே நிகழ்வு சிறிய அளவில் மருத்துவமனை வார்டுகளில் நடப்பதுண்டு. இடுப்பெலும்பு முறிந்து ஒரு முதியவர் சேர்க்கப்படுகிறார். இரவு மாத்திரை போடுவதைக் குடும்பத்தார் கூச்சத்தால் சொல்வதில்லை, அல்லது அது ஒரு மருந்தே அன்று என்று எண்ணிவிடுகிறார்கள். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அவர் உளறத் தொடங்குகிறார். சொட்டு மருந்துக் குழாயைப் பிடுங்குகிறார். "அப்பாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது" என்று வீட்டார் அழுகிறார்கள். தூக்க மாத்திரை நின்றதுதான் காரணமா என்பதை மருத்துவர் அறிய, உங்கள் ஒரு சொல் போதும். ஆதலால் உள்நோயாளியாகச் சேரும்போதும், அறுவை சிகிச்சைக்கு முன்னரும், இரவு மாத்திரையின் பெயரையும் அளவையும் மறவாமல் சொல்லுங்கள்.

தொடர்வதிலும் ஆபத்து உண்டு

நிறுத்துவது ஆபத்து என்றால் தொடரலாமே என்ற எண்ணம் எழக்கூடும். முதியோருக்கு இம்மருந்துகளை இயன்றவரை தவிர்க்குமாறு அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அறிவுறுத்துகிறது. இரவில் கழிப்பறைக்கு எழும்போது தள்ளாடி விழுந்து எலும்பு முறிவது, பகலில் மந்தமாயிருப்பது, நினைவு தடுமாறுவது ஆகியவை இதற்குக் காரணங்கள். சோல்பிடெம் உட்கொண்ட சிலர் உறக்கநிலையிலேயே எழுந்து நடமாடி, சமைத்து, வாகனம்கூட ஓட்டியிருக்கிறார்கள். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2019இல் இது பற்றிக் கடுமையான எச்சரிக்கையை அம்மருந்தின் குறிப்பில் சேர்த்தது.

நம் ஊரில் நாங்கள் மிகவும் அஞ்சுவது வேறொரு சேர்க்கையை. முதுகுவலிக்கு ட்ரமடால், உறக்கத்திற்கு அல்பிரசோலம் என இரண்டையும் ஒருவரே உட்கொள்வது. அதன்மேல் மதுவும் அருந்துவது. இம்மூன்றும் மூச்சை மந்தப்படுத்துபவை. ஒன்றோடொன்று சேரும்போது, உறங்கியவர் எழாமலே போகக்கூடும். உரத்த குறட்டையும் இடையிடையே மூச்சு நின்று திணறலும் உள்ளவர்களுக்கும் தூக்க மாத்திரை ஏற்றதன்று.

சட்டம் சொல்வது, கடையில் நடப்பது

அல்பிரசோலம், டயசெபாம், நைட்ரசெபாம், சோல்பிடெம், ட்ரமடால் ஆகியவை மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளன. 2013இல் அறிவிக்கப்பட்டு 2014 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த இவ்வட்டவணைப்படி, மருத்துவர் சீட்டின்றி இவற்றை விற்கக் கூடாது. மருத்துவர் பெயர், நோயாளி பெயர், மருந்தின் அளவு ஆகியவற்றைத் தனிப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

புது தில்லி எய்ம்ஸ் நிறுவனம் நடத்தி 2019இல் வெளியான தேசிய ஆய்வு, 10 முதல் 75 வயதுக்குட்பட்ட இந்தியரில் 1.08 விழுக்காட்டினர், ஏறத்தாழ 1.18 கோடிப் பேர், மயக்க மாத்திரைகளை மருத்துவத் தேவைக்குப் புறம்பாகப் பயன்படுத்துவதாக மதிப்பிட்டது. சீட்டின்படி உட்கொள்வோர் இக்கணக்கில் அடங்கார்.

மருந்துக்கடைக்காரர் சீட்டு கேட்டால் அவர்மீது சினம் கொள்ளாதீர்கள். அவர் உங்கள் நலனைக் காக்கிறார். அதேபோல, பல மாதங்களுக்கு முந்தைய சீட்டைக் காட்டி, "எப்போதும் வாங்குவதுதானே" என்று வற்புறுத்தாதீர்கள். ஆனால் பொறுப்பை நோயாளி, கடைக்காரர் இருவர்மீது மட்டும் சுமத்துவது எங்களுக்கு உடன்பாடன்று. பேனா எங்கள் கையில் இருக்கிறது. எத்தனை நாளுக்கு, எப்போது குறைப்பது, எப்போது நிறுத்துவது என்பதை முதல் சீட்டிலேயே எழுதுவது மருத்துவரின் கடமை. எழுதாவிட்டால் கேட்பது உங்கள் உரிமை.

வெளியேறும் வழி

நெய்துகொண்டிருக்கும் பாவை நடுவில் அறுத்தெறிய எந்த நெசவாளரும் துணியமாட்டார். தூக்க மாத்திரையைக் கைவிடுவதற்கும் அந்தப் பொறுமையே வேண்டும். 2 முதல் 4 வாரங்களுக்கு ஒருமுறை அளவில் 5 முதல் 10 விழுக்காடு குறைப்பது என்பது இன்று பரிந்துரைக்கப்படும் பொதுவான தொடக்கம். ஒருவருக்கு இது சில மாதங்களில் முடியும். மற்றொருவருக்கு ஓராண்டுக்கு மேலும் ஆகும். சிலருக்கு, விரைவில் உடலைவிட்டு நீங்கும் மாத்திரைக்குப் பதிலாக, மெதுவாக நீங்கும் டயசெபாமுக்கு முதலில் மாற்றுவதுண்டு. இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் 1982 முதல் 1994 வரை இதற்கெனவே ஒரு சிகிச்சைப் பிரிவை நடத்திய பேராசிரியர் ஹெதர் ஆஷ்டன், குறைக்கும் வேகத்தை நோயாளியின் நிலைக்கேற்ப வகுக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தினார். ஓரிரு வாரம் உறக்கம் கெட்டால், அந்த அளவிலேயே சற்று நின்று பிறகு தொடரலாம். அது தோல்வியன்று.

உண்மையை எளிய மொழியில் சொல்வதே பாதி மருத்துவம் என்பதற்கு ஓர் ஆய்வு உண்டு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், நீண்டகாலமாக இம்மாத்திரைகளை உட்கொண்டுவந்த 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு, மாத்திரையின் தீங்கையும் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிற்றேடு தரப்பட்டது. ஆறு மாதங்களுக்குப் பின், சிற்றேடு பெற்றவர்களில் 27 விழுக்காட்டினர் மாத்திரையை விட்டிருந்தனர். பெறாதவர்களில் 5 விழுக்காட்டினரே விட்டிருந்தனர். 2014இல் வெளியான இவ்வாய்வு எங்களுக்கு ஊக்கம் தருகிறது. முதியவர்களால் இனி மாற முடியாது என்று எண்ணுவது அவர்களுக்கு நாம் இழைக்கும் அநீதி.

மாத்திரையைக் குறைக்கும்போதே உறக்கத்தையும் சீர்செய்ய வேண்டும். நாட்பட்ட உறக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியது மாத்திரையன்று. எண்ணங்களையும் பழக்கங்களையும் திருத்தும் உளவியல் நடத்தைச் சிகிச்சையே என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016இல் அறிவித்தது. அதன் சாரம் வீட்டிலும் கைக்கொள்ளத்தக்கது. எத்தனை மணிக்குப் படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். உறக்கம் கண்ணை அழுத்தும்போது மட்டும் படுங்கள். இருபது நிமிடம் போல உறக்கம் வராவிடில் எழுந்து, மங்கிய ஒளியில் அமைதியாக அமர்ந்திருந்து, உறக்கம் வந்ததும் திரும்புங்கள். மாலைக்குப் பின் தேநீரும் காப்பியும் தவிருங்கள். பகல் உறக்கத்தைச் சுருக்குங்கள். வயது ஏற ஏற உறக்கம் குறைவதும் இடையில் விழிப்பதும் இயல்பு என்பதையும் ஏற்றுக்கொள்ளுங்கள். இரவு எட்டு மணிக்குப் படுத்தவர் அதிகாலை மூன்று மணிக்கு விழிப்பது நோயாகாது. வலியோ மனச்சோர்வோ உறக்கத்தைக் கெடுக்குமானால், அதற்குத் தனியே சிகிச்சை வேண்டும்.

குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்

உங்கள் வீட்டில் ஒருவர் இம்மாத்திரையை நம்பி வாழ்கிறார் என்றால், முதலில் அவரோடு சேர்ந்து மருத்துவரிடம் வாருங்கள். வசை வேண்டாம், உளவு பார்த்தலும் வேண்டாம். குறைக்கும் காலத்தில் ஒரு வாரத்துக்குரிய மாத்திரைகளை மட்டும் கையில் வைத்து, எஞ்சியதைப் பொறுப்பான ஒருவர் காத்துவைப்பது நலம். உங்கள் மாத்திரையை அடுத்த வீட்டாருக்கு ஒன்றிரண்டு கொடுத்து உதவாதீர்கள்.

ஒரு முன்னெச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். வலிப்பு நோய்க்காகக் குளோனசெபாம் உட்கொள்வோரும், மனநோய்க்கான மருந்துகள் உட்கொள்வோரும் இக்கட்டுரையைப் படித்துத் தாமாக எதையும் நிறுத்தக் கூடாது. இரவில் போடுவதெல்லாம் தூக்க மாத்திரை ஆகாது.

வலிப்பு, கடும் குழப்பம், எழுப்ப முடியாத மயக்கம், மூச்சு மந்தமாதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். மனச்சோர்வு மிகுந்து வாழ்வில் பிடிப்பற்றுப் பேசுபவர் எவரேனும் இருந்தால், 104 அல்லது 14416 என்ற எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளிலும் மனநல மருத்துவரைக் காணலாம்.

அடுத்த முறை உங்களுக்கோ உங்கள் வீட்டாருக்கோ எந்த மருத்துவரேனும் தூக்க மாத்திரை எழுதினால், எழுந்து வருமுன் ஒரு கேள்வி கேளுங்கள்: "இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?" விடையைச் சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே ஆண்டுகள் கடந்துவிட்டனவா? அப்படியாயின் இன்றிரவு வழக்கம்போல மாத்திரையைப் போட்டுக்கொண்டு, நாளைக் காலை அந்த அட்டையோடு உங்கள் மருத்துவரிடம் வாருங்கள். எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்காக உங்களை யாரும் குற்றம் சொல்லப்போவதில்லை. எப்படிக் குறைப்பது என்பதை இருவரும் சேர்ந்து வகுப்போம்.